கடலுக்கு முன்னால் கண்மாய் இருக்கிறது

மதுரைக்குக் கடல் கிடையாது. கிழக்கே மானாமதுரை, பரமக்குடி என்று நூறு கிலோமீட்டருக்கு மேல் வறண்ட சீமையைக் கடந்தால்தான் உப்புக்காற்று முகத்தில் படும். ஆனாலும் கடல் திட்டங்களுக்கு மேடை போட மதுரைதான் வாகாக இருக்கிறது. 2005 ஜூலை 2 அன்று சேதுசமுத்திரத் திட்டத்தை அன்றைய பிரதமர் மன்மோகன் சிங் தொடங்கிவைத்தது இந்த ஊரில்தான். அப்புறம் நடந்தது எல்லோருக்கும் தெரியும். 2007ல் உச்ச நீதிமன்றம் குறுக்கிட்டது. ராமர் பாலம், மாற்றுப் பாதை, ஆய்வுக் குழு என்று பேச்சு நீண்டது. கப்பல் மட்டும் வரவே இல்லை.

இப்போது அதே கடலுக்குள் இன்னொரு திட்டம். 2025 ஏப்ரல் 5 அன்று கொழும்பில் இந்தியாவும் இலங்கையும் கையெழுத்திட்ட புரிந்துணர்வு ஒப்பந்தங்களில் ஒன்று, இரு நாட்டு மின்கட்டமைப்புகளையும் உயர் அழுத்த நேர்மின் (டிசி) தடத்தால் இணைப்பது பற்றியது. மின்சாரத்தை வாங்கவும் விற்கவும் கடலடியில் ஒரு கேபிள். அன்றைக்குப் பாதுகாப்பு ஒப்பந்தமே பெரிய செய்தியாகி, இது ஓரமாக ஒதுங்கிவிட்டது. மறுநாள் பிரதமர் மோடி அனுராதபுரத்திலிருந்து ராமேஸ்வரம் வந்து புதிய பாம்பன் பாலத்தைத் திறந்துவைத்தார். கேபிளுக்கும் ஏறக்குறைய அதே வழிதான்.

பேச்சு புதிதல்ல. 1970களில் தொடங்கியது. 2002ல் அமெரிக்க உதவி நிதியில் ஒரு முன்னாய்வு நடந்தது. 2010 ஜூனில், அப்போதைய ஜனாதிபதி மகிந்த ராஜபக்ச டெல்லி வந்திருந்தபோது, பவர்கிரிட் நிறுவனமும் இலங்கை மின்சார சபையும் கூட்டாகச் சாத்தியக்கூறு ஆய்வு செய்ய ஒப்பந்தம் போட்டார்கள். 2023 ஜூலையில் அப்போதைய ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க வந்துபோனபோது வெளியிட்ட கூட்டு ஆவணத்திலும் இது இருந்தது. இதற்குள் இலங்கைப் பக்கத்து முனை அனுராதபுரம், ஹபரணை, மன்னார் என்று இடம் மாறிக்கொண்டே வந்தது. கடலடி நீளம் 50 கிலோமீட்டர் என்றது ஒரு வரைவு. ராமநாதபுரம் கரையில் பனைக்குளத்தில் இறங்கி, மன்னாருக்கு அருகே திருக்கேதீஸ்வரத்தில் கரையேறலாம் என்ற இன்னொரு வரைவில் அது 120 கிலோமீட்டர். கொள்ளளவு 500 மெகாவாட்டா, 1,000 மெகாவாட்டா என்பதிலும் இழுபறி. எல்லா வரைவிலும் மாறாமல் நின்ற ஒரே பெயர் மதுரை.

அந்த மதுரையில் இதைப் பற்றிப் பேச்சில்லை. கடலைப் பற்றிய கவலை கடற்கரைக்காரர்களுக்கு, கரண்டைப் பற்றிய கவலை ஈபிக்காரர்களுக்கு என்று ஊர் தன் வேலையைப் பார்க்கிறது. இந்தத் திட்டம் தேறுவதும் கவிழ்வதும் கடலில் தீர்மானமாகப் போவதில்லை. மதுரைக்கும் கடற்கரைக்கும் நடுவில் கிடக்கும் சுமார் 130 கிலோமீட்டர் நிலத்தில்தான் தீர்மானமாகும்.

முதலில், இந்தக் கேபிள் தேவைதானா? இலங்கைக்குத் தேவை என்பதில் சந்தேகம் இல்லை. 2022 மார்ச் கடைசியில் எண்ணெய் வாங்க டாலர் இல்லாமல் ஒரே நாளில் 13 மணி நேரம் மின்வெட்டு வைத்தார்கள். 2025 பிப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறைத் துணைமின் நிலையத்துக்குள் ஒரு குரங்கு புகுந்தது. தீவு முழுக்க இருண்டது. சேது அணை கட்டிய கூட்டத்தின் வாரிசாக இருக்கும் என்று ராமேஸ்வரம் டீக்கடைகளில் யாராவது சொல்லியிருப்பார்கள். ஆனால் குரங்கின் மீது முழுப் பழியையும் போட முடியாது. விடுமுறை நாளில் மின்தேவை குறைவு, மொட்டைமாடிச் சூரியத் தகடுகளின் உற்பத்தியோ உச்சம். சுழலும் பெரிய எந்திரங்கள் குறைவாக ஓடும் அந்த நேரத்தில் சின்ன அடியைக் கூடத் தாங்கும் திராணி கட்டமைப்புக்கு இல்லை. இரண்டே மாதத்தில், ஏப்ரல் புத்தாண்டு விடுமுறையின்போது, சூரியத் தகடுகளைப் பிற்பகல் மூன்று மணிவரை அணைத்து வையுங்கள் என்று மின்சார சபை மக்களைக் கேட்டுக்கொண்டது. கொட்டிக் கிடக்கும் வெயிலை வேண்டாம் என்று திருப்பி அனுப்பும் தீவு, அன்று மாலையே டீசலையும் நிலக்கரியையும் எரிக்கிறது. பக்கத்தில் ஒரு பெரிய கட்டமைப்பு இருந்து, பகலில் கொடுத்து இரவில் வாங்க முடிந்தால் இந்தக் கூத்து நடக்காது.

மதுரைக்காரர்களுக்கு இருட்டின் கொடுமையை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. 2012ஐ மறந்தவர்கள் இருக்க மாட்டார்கள். பத்து, பன்னிரண்டு மணி நேர மின்வெட்டில் லேத் பட்டறைகள் முடங்கின. இன்வெர்ட்டர் விற்றவர்கள் மட்டும் வீடு கட்டினார்கள். வடக்கே மின்சாரம் கிடைத்தபோதும் அதைக் கொண்டுவர வழி போதவில்லை. அன்று தென்னகக் கட்டமைப்பு நாட்டின் மற்ற பகுதியோடு சில நேர்மின் இணைப்புகளால் மட்டுமே தொட்டுக்கொண்டிருந்தது. 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர் – சோலாப்பூர் 765 கிலோவோல்ட் தடம் இணைந்த பிறகுதான் நிலைமை மாறத் தொடங்கியது.

அதே 2012ல் இன்னொன்றும் நடந்தது. ஜூலை 30, 31 தேதிகளில் வடக்கு, கிழக்கு, வடகிழக்குக் கட்டமைப்புகள் சரிந்து 60 கோடிப் பேர் இருட்டில் கிடந்தார்கள். தெற்கு தப்பித்தது. காரணம், நடுவில் இருந்தவை நேர்மின் இணைப்புகள். மாறுமின் (ஏசி) கம்பியால் இணைந்த இரண்டு கட்டமைப்புகள் ஒரே நுகத்தில் பூட்டிய மாடுகள் மாதிரி. ஒன்று விழுந்தால் மற்றதையும் இழுத்துக்கொண்டு விழும். நேர்மின் இணைப்பில் அந்த நுகம் இல்லை. எவ்வளவு அனுப்பச் சொல்கிறோமோ அவ்வளவு போகும், நிறுத்தச் சொன்னால் நிற்கும். பாணந்துறையில் குரங்கு ஏறினால் திருமங்கலத்தில் விளக்கு அணையுமோ என்று பயப்பட வேண்டியதில்லை.

கடலடிக்கு நேர்மின்னைத் தேர்வு செய்ய வேறொரு காரணமும் உண்டு. கண்மாய்ப் பாசனம் தெரிந்தவர்களுக்கு அது எளிதில் புரியும். மடையைத் திறந்து விட்டால் கடைமடைக்குப் போய்ச் சேர வேண்டிய தண்ணீரில் ஒரு பங்கை வாய்க்காலே குடித்துவிடும். நீளமான வாய்க்கால் என்றால் கடைசி வயலுக்கு ஒன்றும் மிஞ்சாது. கடலடி கேபிளில் மாறுமின் அப்படித்தான். வினாடிக்கு 100 முறை திசை மாறும் மின்னோட்டம் கேபிளின் உறையை நிரப்பி வடிப்பதிலேயே தீர்ந்துபோகும். நேர்மின் ஒரு முறை நிரப்பினால் போதும். 1954ல் ஸ்வீடன் தன் கோட்லாந்து தீவுக்குக் கிட்டத்தட்ட 100 கிலோமீட்டர் கடலைத் தாண்டி 20 மெகாவாட் அனுப்பியது இந்த முறையில்தான். இப்போது நார்வேக்கும் பிரிட்டனுக்கும் நடுவில் 720 கிலோமீட்டர் நீளத்தில் 1,400 மெகாவாட் கேபிள் ஓடுகிறது. அவற்றோடு பார்த்தால் பாக் நீரிணை ஒரு பெரிய ஏரி. பொறியியலில் பயப்பட ஒன்றுமில்லை.

கணக்கில்தான் கொஞ்சம் பயம் இருக்க வேண்டும். மன்னாரின் காற்றையும் தமிழ்நாட்டின் வெயிலையும் பண்டமாற்று செய்யலாம் என்று மேடையில் சொல்ல அழகாக இருக்கும். ஆனால் இரண்டு கரைக்கும் ஒரே கடிகாரம், ஒரே பருவக்காற்று. ஆடியில் அம்மி பறக்கும் காற்று ஆரல்வாய்மொழியிலும் அடிக்கிறது, மன்னாரிலும் அடிக்கிறது. 11,000 மெகாவாட்டுக்கு மேல் காற்றாலை வைத்திருக்கும் தமிழ்நாட்டில், சீசன் நேரத்தில் உற்பத்தியைக் குறைக்கச் சொல்கிறார்கள் என்ற காற்றாலைக்காரர்களின் புகார் பழையது. கமுதியில் 2016ல் வந்த 648 மெகாவாட் சூரிய மின்நிலையமும் யாழ்ப்பாணத்து மாடித் தகடும் ஒரே நண்பகலில்தான் பொங்குகின்றன. வீட்டில் பலாப்பழம் பழுத்த அன்றைக்கே பக்கத்து வீட்டிலும் பழுத்தால் யாருக்குக் கொடுப்பது?

விடை மதுரையைத் தாண்டி இருக்கிறது. ஆனி மாதத்தில் மன்னாரில் சூரியன் மறைந்த பிறகும் ஜெய்சால்மரில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வெயில் காய்கிறது. மாலை ஏழு மணிக்கு இலங்கை விளக்குப் போடும்போது ராஜஸ்தானின் தகடுகள் இன்னும் கொஞ்சம் உற்பத்தி செய்யும். தென்மேற்குப் பருவத்தில் மன்னார் காற்று மிஞ்சும்போது டெல்லியில் ஏசிகள் முழு மூச்சில் ஓடிக்கொண்டிருக்கும். ஆக, மதுரை ஒரு வாசல் மட்டுமே. வியாபாரம் நாடு முழுதோடு. வாசலில் உட்கார்ந்திருப்பவருக்கு என்ன கிடைக்கும் என்ற கேள்வி அங்கேதான் பிறக்கிறது.

கொழும்பின் பயம் வேறு வகை. 2024 மே மாதம் இந்தியாவின் உச்சத் தேவை 2,50,000 மெகாவாட்டைத் தொட்டது. இலங்கையின் உச்சம் சுமார் 3,000. ஆயிரம் மெகாவாட் நமக்கு ஒரு துளி, அவர்களுக்கு மூன்றில் ஒரு பங்கு. சுவிட்ச் டெல்லியின் கையில் போய்விடும் என்று அங்கே சிலர் சொல்வதைப் புலம்பல் என்று தள்ளிவிட முடியாது. வங்கதேசம் கண்ணெதிரே இருக்கிறது. ஜார்க்கண்டின் கோட்டாவில் அதானி கட்டிய 1,600 மெகாவாட் நிலையம் முழுக்க அந்த நாட்டுக்காகவே கட்டப்பட்டது. பாக்கித் தொகை ஏறியதும் 2024 கடைசியில் சப்ளை பாதியானது. ஒரே ஒரு நிறுவனத்தோடு கட்டிப்போட்ட ஒப்பந்தத்தின் கதி அது. இலங்கையிலேயே மன்னார், பூநகரி காற்றாலைத் திட்டம் யூனிட்டுக்கு 8.26 சென்ட் என்ற விலைத் தகராறில் சிக்கி, 2025 பிப்ரவரியில் அதானி நிறுவனம் விலகிக்கொண்டது.

நேபாளம் வேறு வழியில் போனது. 2021லிருந்து அது இந்திய மின்சந்தையில் ஏலத்தில் விற்கிறது. மழைக்காலத்தில் ஆற்று மின்சாரத்தைக் கொடுக்கிறது, குளிர்காலத்தில் வாங்குகிறது. அன்றாட விலை, பல வியாபாரிகள். மதுரை கேபிளும் ஒரு முதலாளியின் குழாயாக இல்லாமல் சந்தைத் தெருவாக இருந்தால் இலங்கையின் பயத்தில் பாதி குறையும். இதை இப்போதே எழுத்தில் வைக்க வேண்டும். கேபிள் இறங்கிய பிறகு பேசினால் பேரம் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும்.

இலங்கை செய்யக்கூடாத தவறும் ஒன்று உண்டு. ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியத் தீவு 2006லிருந்து 500 மெகாவாட் கடலடி கேபிளால் பெருநிலத்தோடு இணைந்திருக்கிறது. அணைத் தண்ணீரை நல்ல விலை வந்தபோது மின்சாரமாக்கி விற்றார்கள். மழை பொய்த்தது. 2015 டிசம்பரில் கேபிளும் பழுதானது. பழுதைக் கண்டுபிடித்துச் சரிசெய்ய ஆறு மாதம் ஆனது. அதுவரை தீவு வாடகை டீசல் ஜெனரேட்டர்களில் ஓடியது. கேபிள் வந்துவிட்டது என்று சொந்த நிலையங்களை மூடுவது எவ்வளவு ஆபத்து என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது.

கேபிள் பழுது என்றதும் கடலுக்கு வர வேண்டும். 2024 கிறிஸ்துமஸ் அன்று பின்லாந்துக்கும் எஸ்தோனியாவுக்கும் இடையிலான கேபிளை ஒரு டேங்கர் கப்பலின் நங்கூரம் இழுத்து அறுத்தது. பாக் நீரிணையில் அந்தப் பயம் குறைவு. ஆழமில்லாத இந்தக் கடலுக்குள் பெரிய கப்பல் வர முடியாது என்பதால்தானே சேதுக்கால்வாயே வெட்டப் போனார்கள்! இங்கே கேபிளின் எதிரி இழுவை மடி. தரையைச் சுரண்டிக்கொண்டு போகும் மடியின் பலகையில் மாட்டினால் கேபிளுக்கும் கேடு, படகுக்கும் கேடு. ஆகவே கடல் தரையில் ஒன்று, ஒன்றரை மீட்டர் ஆழத்தில் புதைத்தாக வேண்டும். புதைக்கிற இடமெல்லாம் கடற்புல் மேடு. ஆவுளியா என்ற கடற்பசு மேயும் இடம். தெற்குப் பக்கம் போனால் மன்னார் வளைகுடாவின் உயிர்க்கோளக் காப்பகமும் 21 தீவுகளும். கரையோரத்தில் தோண்டாமல் தரைக்கடியில் துளையிட்டு வெளியேறும் முறை இருக்கிறது, புல் இல்லாத மணல் வழியைத் தேடவும் முடியும். எங்கே மணல், எங்கே புல், எங்கே பாறை என்று ஆய்வுக் கப்பல் சொல்வதற்கு முன்பே மண்டபத்துக் கிழவர்கள் சொல்லிவிடுவார்கள். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை. வேலைக்கு அந்தக் காலம் தோதானது. ஆனால் அப்போதும் நாட்டுப்படகுகள் கடலில்தான் இருக்கும். அவர்களுக்கு இழப்பு உண்டு, அதைத் திட்டச் செலவிலேயே சேர்க்க வேண்டும். கடலுக்கு அந்தப் பக்கமும் கேட்க ஆள் இருக்கிறார்கள். 2025 ஆகஸ்டில் புதிய காற்றாலைகளை எதிர்த்து மன்னார் மக்கள் தெருவுக்கு வந்தார்கள். ஜனாதிபதி அனுர குமார திசாநாயக்க வேலையை ஒரு மாதம் நிறுத்திவைத்தார். கடலோரச் சனம் பறவைகளையும் வெள்ளத்தையும் முன்வைத்துப் பேசியதை அரசு காதில் வாங்க வேண்டியிருந்தது.

இனி நிலம்.

மதுரையிலிருந்து கடற்கரை வரை உயர்மின் கோபுரங்கள் என்பதே பழைய வரைவுகள் எல்லாம் சொன்னது. காகிதத்தில் அது ஒரு நேர்கோடு. தரையில் அது வைகைப் பாசனத்தின் கண்மாய்த் தொடர். ஒரு கண்மாய் நிறைந்து கலுங்கு வழிந்தால் அடுத்த கண்மாய்க்குத் தண்ணீர், கடைசியில் ராமநாதபுரம் பெரிய கண்மாய். வரத்துக்கால் ஒன்றில் கோபுரத்துக்கு நான்கு கான்கிரீட் கால் நட்டு, தோண்டிய மண்ணை அப்படியே குவித்துவிட்டுப் போனால் கீழே மூன்று ஊர் காயும். தண்ணியில்லாக் காடு என்று அதிகாரிகள் இடமாற்றலுக்குப் பயப்படும் சீமையில், இருக்கிற தண்ணீரின் வழி இன்னும் முக்கியம். கடலைப் பற்றி ஆயிரம் பக்க அறிக்கை எழுதுகிறவர்கள் கண்மாய்க்குப் பத்துப் பக்கமாவது ஒதுக்க வேண்டும்.

கொங்குச் சீமையில் நடந்ததை மறப்பதற்கில்லை. சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து கரூர் மாவட்டத்துப் புகளூருக்கு 6,000 மெகாவாட் நேர்மின் தடம் வந்தது. அங்கிருந்து திருச்சூருக்கு 2,000 மெகாவாட் தடம் போனது. 2018, 2019ல் திருப்பூர், ஈரோடு, கோவை மாவட்டங்களில் விவசாயிகள் உண்ணாவிரதம் இருந்தார்கள், வயலில் இறங்கி மறித்தார்கள். கோபுரம் வேண்டாம், சாலையோரம் கேபிளாகப் புதையுங்கள் என்றார்கள். முடியாது என்றது அரசு. ஆனால் அதே புகளூர் – திருச்சூர் தடம் கேரளத்தில் கடைசி 30 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான தொலைவைச் சாலைக்கடியில்தான் கடக்கிறது. வாளையாருக்கு இந்தப் பக்கம் முடியாதது அந்தப் பக்கம் எப்படி முடிந்தது என்ற கேள்விக்குக் கொங்கு விவசாயிக்கு இன்றுவரை திருப்தியான பதில் கிடைக்கவில்லை.

நஷ்ட ஈட்டு விதி மாறியிருக்கிறது, அதையும் சொல்லிவிட வேண்டும். 2015ல் மத்திய மின்துறை சொன்னது, கோபுரம் நிற்கும் இடத்துக்கு நில மதிப்பில் 85 சதவீதம், கம்பிக்குக் கீழுள்ள நிலத்துக்கு அதிகபட்சம் 15 சதவீதம். 2024 ஜூனில் அது 200 சதவீதம், 30 சதவீதம் என்று உயர்ந்தது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் எதில் 200 சதவீதம்? வழிகாட்டி மதிப்பை வைத்துக் கணக்குப் போட்டால், பரமக்குடி பக்கத்து மானாவாரிக் கரம்பைக்கு இரண்டு மடங்கு கொடுத்தாலும் ஒரு நல்ல பைக் வாங்கத் தேறுமா என்பது சந்தேகம். அந்தக் கரம்பையில் விளையும் முண்டு மிளகாய்க்கு 2023ல் புவிசார் குறியீடு கிடைத்தது. நிலத்தின் மதிப்பைப் பத்திர ஆபீஸ் ஒரு மாதிரியும் மிளகாய்ச் சந்தை வேறு மாதிரியும் சொல்லும். ஒரு தடவை கொடுத்துக் கைகழுவாமல், கேபிளில் ஓடும் மின்சாரத்தின் வருமானத்தில் ஆண்டு வாடகையாக ஊராட்சிகளுக்கும் நில உடைமையாளருக்கும் ஒரு சிறு பங்கு தரலாம். காற்றாலைக்காரர்கள் நிலத்தைக் குத்தகைக்கு எடுக்கும் சீமைதானே இது.

அதைவிட நல்ல வழி, கோபுரத்தையே தவிர்ப்பது. நேர்மின் என்பதால் நிலத்தடியில் நூறு கிலோமீட்டருக்கு மேல் புதைத்தாலும் வாய்க்கால் குடிக்கும் பிரச்சினை இல்லை. செலவு பல மடங்கு ஆகும் என்பது உண்மை. ஆனால் வழக்கு, மறியல், வருடக்கணக்கான தாமதம் இவற்றுக்கும் விலை உண்டு. சேதுசமுத்திரத்துக்கு இந்த ஊரில் மேடை போட்டவர்கள் அந்த விலையை அறிவார்கள். மதுரையிலிருந்து ராமேஸ்வரம் போகும் தேசிய நெடுஞ்சாலை 87 கேபிள் போக வேண்டிய திசையில்தான் போகிறது. பரமக்குடி வரை நான்குவழி ஏற்கெனவே வந்துவிட்டது. பரமக்குடியிலிருந்து ராமநாதபுரம் வரை 46.7 கிலோமீட்டரை 1,853 கோடி ரூபாயில் நான்குவழியாக்க 2025 ஜூலை 1 அன்று மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. சாலைக்காக நிலம் எடுக்கும் அதே கையோடு ஓரத்தில் ஒரு மீட்டர் அகலத்துக்குக் கேபிள் வழியையும் ஒதுக்கி வைத்தால், பின்னால் ஒரு விவசாயியின் வரப்பையும் மிதிக்க வேண்டியதில்லை.

செய்வார்களா? நம் ஊரில் தார் போட்டு வெள்ளைக்கோடு அடித்த மறுவாரம் குடிநீர்க் குழாய்க்காரர் கடப்பாரையோடு வருவார்; அவர் மூடிய பள்ளத்தை இன்டர்நெட் கேபிள்காரர் திறப்பார். பவர்கிரிட் ஒரு துறை, நெடுஞ்சாலை ஒரு துறை, கேபிளுக்கு இன்னும் தேதி குறிக்கவில்லை, சாலைக்குக் குறித்தாகிவிட்டது. இரண்டு துறையும் ஒரே மேஜையில் உட்கார வேண்டியது பரமக்குடிக்குக் கிழக்கே மண்வெட்டி விழுவதற்கு முன்னால். அந்தக் கூட்டத்தை டெல்லியில் வைக்காமல் பரமக்குடியிலேயே வைத்தால், கண்மாய்ப் பாசனக்காரர்களும் பனைக்குளத்துப் படகுக்காரர்களும் காலை பஸ்ஸில் வந்து, பேச வேண்டியதைப் பேசிவிட்டு, பொழுது சாய வீடு திரும்பிவிடலாம்.